ஈகையா, கடனா?

ஆலையின் கதவு எக்காரணத்தால் மூடப்பட்டாலும் வெளியே நிற்கும் தொழிலாளியின் பசி ஒன்றே. அவ்வாறிருக்க, அயல்நாட்டு வணிகத்தால் வேலையிழந்தவனுக்கு மட்டும் அரசு தனியே உதவுதல் முறையாகுமா? அமெரிக்க நாட்டில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடிநிற்கும் வினா இது.

1962ஆம் ஆண்டில், சுங்கவரிகளைக் குறைக்க அதிகாரமளிக்கும் வணிக விரிவாக்கச் சட்டத்தில் அதிபர் கென்னடி கையெழுத்திட்டார். இறக்குமதியால் வேலையிழப்போருக்கு மறுபயிற்சியும், உதவித்தொகையும், வேற்றூருக்குக் குடிபெயரும் செலவுக்குத் துணையும் அச்சட்டத்திலேயே வகுக்கப்பட்டன. நாட்டின் நன்மைக்காகச் சிலர் வீழ்வராயின், அவர்களை நாடு கைவிடலாகாது என்பதே அதன் கருத்து.

சொல் நன்று, செயல் எவ்வாறு இருந்தது? வரிக்குறைப்பால்தான் இறக்குமதி பெருகியது என்பதும், இறக்குமதியால்தான் பெரும்பாலும் வேலை போயிற்று என்பதும் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்றனர். 1969ஆம் ஆண்டின் பிற்பகுதி வரை ஒரு தொழிலாளர் குழுவின் விண்ணப்பமும் ஏற்கப்படவில்லை. 1974ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரே விதி தளர்ந்தது. 2002ஆம் ஆண்டில், ஐம்பது வயதை எட்டியவர் குறைந்த ஊதிய வேலையில் சேர்ந்தால், ஊதியக் குறைவில் பாதியை ஒரு வரம்புக்குட்பட்டு ஈராண்டுவரை ஈடுசெய்யவும் வழி பிறந்தது.

இதனை எதிர்ப்போர் கூற்றிலும் பொருளுண்டு. கப்பலில் வந்த பண்டம் வேலையைப் பறித்தால் தனி உதவி. இயந்திரம் பறித்தால் அஃதில்லை. இஃது ஓரவஞ்சனை அன்றோ என அவர்கள் வினவுகின்றனர்.

வள்ளுவர் ஒப்புரவுக்கு ஓர் அதிகாரமும் ஈகைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். ஈகை, இல்லாதவன்பால் இரங்கிக் கொடுப்பது. ஒப்புரவு, ஊருக்கு உதவி வாழும் கடமை. இவ்விரண்டிலும் மேற்கூறிய உதவி அடங்காது. இது பட்ட கடன். வரியைக் குறைத்தது இயற்கையன்று. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம். சட்டையையும் காலணியையும் மலிவாக வாங்கிய கோடிக்கணக்கானோர் சிறிது சிறிதாக மிச்சம் பிடித்தனர். அந்த மிச்சத்திற்கு விலையாகத் தன் முழு வாழ்வையும் கொடுத்தவன் நெசவாலைத் தொழிலாளி. நன்மை தூறலாய் நாடெங்கும் பெய்தது. இழப்போ இடியாய்ச் சில ஊர்கள்மேல் விழுந்தது.

இயந்திரத்தால் வீழ்ந்தவனுக்கும் இதே நியாயம் பொருந்தும். அவன் இழப்பிலும் சமுதாயம் பயனடைகிறது. அதனால் அவனுக்கும் கடனைச் செலுத்துவதே நேர்மை. ஒருவனுக்குத் தரவில்லை என்பதைக் காட்டி மற்றவனுக்கும் மறுப்பது நேர்மையாகாது.

2022ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், புதிய விண்ணப்பங்களை முடிவுசெய்யும் அதிகாரம் காலாவதியாயிற்று. துறைமுகத்தில் கப்பல்களின் வரவு அன்று நின்றுவிடவில்லை. வாங்குவது தொடரும்போது கொடுப்பதை மட்டும் நிறுத்துவது சிக்கனமாகாது. அதற்கு உலக வழக்கில் வேறு பெயர் உண்டு. கடனைக் கடனென்று ஏற்கும் சமுதாயமே தலைநிமிர்ந்து வணிகம் செய்யும் தகுதி உடையது.