ஒரு குவளை காப்பியும் ஓர் அறக்கேள்வியும்

தனக்கு மட்டும் ஒரு குவளை காப்பி கலந்து குடிப்பது அறமாகுமா? இப்படி ஒருவர் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். கொலையும் களவும் வஞ்சகமும் மலிந்த உலகில் காப்பிக்குமா அறநூல் எழுதுவது என்று தோன்றும். ஆனால் கொலையும் களவும் செய்யும் வாய்ப்பு நம்மில் பெரும்பாலோர்க்கு வாழ்நாள் முழுவதும் வாய்ப்பதில்லை. காப்பி கலக்கும் வாய்ப்போ நாள்தோறும் இருமுறை வருகிறது. நாள்தோறும் செய்வதில்தான் மனிதனின் இயல்பு வெளிப்படுகிறது எனின், அடுப்படியும் ஆராயத்தக்க இடமே.

தமிழர் வீட்டில் காப்பி தனிமனிதர்க்குரிய பொருளாக இருந்ததில்லை. பித்தளை வடிகட்டியின் மேற்பாத்திரத்தில் தூளை இட்டு, துளைத்தட்டால் மெல்ல அழுத்தி, கொதிநீர் ஊற்றி மூடிவைத்தால், கீழ்ப்பாத்திரத்தில் இறங்குவது வீட்டார் அனைவர்க்கும் உரிய டிகாக்ஷன். வந்தவர்க்கு "காப்பி சாப்பிடுங்கள்" என்று சொல்லாத வீட்டை நாம் வீடாகவே மதிப்பதில்லை. பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் வந்த நம் குடும்பங்கள் எதை விட்டுவந்தாலும் அந்த வடிகட்டியை விட்டுவந்ததில்லை. விருந்தோம்பலுக்கென்று தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், அமிழ்தமே கிடைத்தாலும் விருந்தினர் வெளியே இருக்கத் தான் மட்டும் உண்பது விரும்பத்தக்கதன்று என்னும் கருத்தை அதில் வைத்தார். அந்த மரபில் வந்தவனுக்கு ஒற்றைக் குவளை என்பதே சற்றுக் கூச்சம் தரும் செய்தி.

எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. அலுவலக மாற்றலில் குடும்பத்தைப் பிரிந்து தனி அறையில் இருந்த காலத்தில், நான்கு பேருக்கான வடிகட்டி எனக்குப் பயன்படவில்லை. அதில் ஒருவனுக்குரிய தூளை இட்டால் அடுக்கு மெலிந்து, தண்ணீர் தங்காமல் ஓடிவிடும். நண்பர் ஒருவர் கூம்பு வடிவப் பீங்கான் வடிகட்டி ஒன்றையும் அதற்குரிய தாள்களையும் தந்தார். 15 கிராம் தூள், ஏறத்தாழ 240 மில்லி தண்ணீர். முதலில் தூள் நனையுமளவு மட்டும் வெந்நீர் விட்டு அரை நிமிடம் பொறுக்க வேண்டும். வறுத்த தூளில் அடைபட்ட கரியமில வாயு நுரைத்து வெளியேறும். பின்பு சிறுகச் சிறுகச் சுற்றி ஊற்றினால் மூன்று நிமிடத்தில் குவளை நிறையும். பால் சேர்ப்பவர் தண்ணீரைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். தண்ணீரின் சூடு 90 முதல் 96 பாகை வரை இருப்பது நன்று என்பர். சமவெளியில் கொதித்த நீரைச் சற்று ஆறவிட வேண்டும். கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டர் மேலே உள்ள மலையூர்களிலோ தண்ணீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கே பொறுத்திருக்கத் தேவையில்லை.

இந்தத் தாள் வடிகட்டியைக் கண்டவர் விஞ்ஞானி அல்லர், ஓர் இல்லத்தரசி. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வாழ்ந்த மெலிட்டா பென்ட்ஸ் அம்மையார், குவளையின் அடியில் தங்கும் கசடும் கசப்பும் பொறாமல், துளையிட்ட பித்தளைப் பாத்திரத்தில் தம் மகனின் பள்ளி ஏட்டிலிருந்து எடுத்த மையொற்றும் தாளை வைத்து வடித்துப் பார்த்தார். 1908ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அடுப்படியில் நிற்பவர்க்கே அடுப்படியின் குறை தெரியும் என்பதற்கு இது ஒரு சான்று.

சில மாதங்கள் சென்றபின் ஓர் உண்மை எனக்குப் புலப்பட்டது. ஒற்றைக் குவளை முறையில் இரண்டாம் டிகாக்ஷன் என்பதே இல்லை. வடித்ததும் தாளோடு சக்கையை எறிந்துவிடுகிறோம். அடுத்தவர்க்கு அடுத்த தூள். எனவே யார் குடித்தாலும் அது முதல் டிகாக்ஷனே.

குடும்ப வடிகட்டியின் கதை வேறு. முதலில் இறங்கிய கெட்டியான டிகாக்ஷன் குடும்பத் தலைவர்க்கும் வந்த விருந்தினர்க்கும். பிறகு அதே சக்கையில் மீண்டும் வெந்நீர் ஊற்றி இறக்கியது மற்றவர்க்கு. அந்த 'மற்றவர்' யார் என்பதை விளக்க வேண்டியதில்லை. வறுத்த காப்பித்தூளில் நூற்றுக்கு 30 பங்கு அளவே நீரில் கரையக்கூடியது. அதிலும் சுவைக்கு உகந்தது 18 முதல் 22 பங்கு வரை. மணமும் இனிய புளிப்பும் முதலில் கரைந்துவிடுகின்றன. கசப்பு பின்னே தங்குகிறது. ஆகவே இரண்டாம் டிகாக்ஷன் என்பது முதலாவதின் நீர்த்த வடிவம் மட்டுமன்று. நல்லவை போனபின் எஞ்சியதன் சாறு அது.

நான் பிறந்து வளர்ந்தது சூரியநெல்லியில், தேயிலைத் தோட்டத்து லயத்தில். கீழே ஏலக்காடு, மேலே கொழுக்குமலை, இடையில் பச்சைக் கம்பளமாய்த் தேயிலை. எங்கள் வீட்டில் பித்தளை வடிகட்டி கிடையாது. போடியிலிருந்து வாங்கிவரும் காப்பித்தூளைக் கருப்பட்டியோடு கொதிக்கவைத்துத் துணியில் வடிகட்டுவார் என் தாய். விடியுமுன் எழுந்து வடிக்கும் அந்தக் காப்பியில் முதற்குவளை தந்தைக்கு. அடுத்தவை பள்ளி செல்லும் எங்களுக்கு. பிறகு துணியில் தங்கிய சக்கையை மீண்டும் சட்டியிலிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, நின்றபடியே குடித்துவிட்டு, கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு ஓடுவார். பகல் முழுவதும் மழையிலும் பனியிலும் சரிவில் நின்று கொழுந்து கிள்ளும் உடலுக்கு, வீட்டிலேயே மிக மெல்லிய காப்பி. அன்று அதை நாங்கள் ஒருவரும் கவனித்ததில்லை. அதுதான் வழக்கம் என்று இருந்தோம்.

நினைத்துப் பார்த்தால், காப்பியின் வரலாறே முதலாவது ஒருவர்க்கு, மிச்சம் மற்றவர்க்கு என்று நடந்த வரலாறாகத் தோன்றுகிறது. நம் முன்னோர் இலங்கை மலைகளுக்கு முதலில் சென்றது தேயிலைக்காக அன்று, காப்பிக்காக. மன்னார்க் கரையில் இறங்கிக் காடுகளின் ஊடே நடந்து சென்றவர்களில் வழியிலேயே மடிந்தோர் பலர். அவர்கள் பறித்த பழங்களின் பருப்பு கப்பலேறியது. 1869ஆம் ஆண்டு அங்கே தலைகாட்டிய இலைத்துரு நோய் சில பத்தாண்டுகளில் காப்பித் தோட்டங்களை அழிக்க, அவ்விடங்களில் தேயிலை ஏறியது. பயிர் மாறியது, பறித்தவர் நிலை மாறவில்லை. எங்கள் மலைக்குத் தேயிலைக்கென்று வந்த தமிழ்க் குடும்பங்களும் அதே கதையின் இன்னொரு கிளையே.

ஊருக்குள் வந்தாலும் இதே ஏற்றத்தாழ்வு. உணவு விடுதிகளில் சாதிக்கேற்ப இருக்கை பிரித்த காலம் இருந்தது. 1957ஆம் ஆண்டு சென்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு விடுதியின் பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் மறியல் போராட்டம் நடத்தினார். சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் ஒருவர்க்கு ஒரு குவளை, மற்றவர்க்கு வேறு குவளை என்று வைத்திருந்த கொடுமையை எதிர்த்து எழுந்த போராட்டங்களும் பல. குவளையில் வேற்றுமை காட்டுவது மானத்தைப் பறிப்பதாகும் என்பதை நாம் அறிவோம்; மேடையில் பேசுகிறோம்; மலர்களில் எழுதுகிறோம். பேசிவிட்டு வீடு திரும்பி முதல் டிகாக்ஷனைக் கையில் வாங்கிக்கொள்கிறோம். வீட்டுக்குள் குவளை ஒன்றாகத்தான் இருக்கிறது. அதில் உள்ளதுதான் வேறு.

இப்போது வள்ளுவரின் கருத்தை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். தனித்து உண்பதை அவர் பொதுவாகப் பழிக்கவில்லை. விருந்தினர் வெளியே இருக்கும்போது தனித்து உண்பதையே விலக்கினார். அப்படியானால் கேள்வி, குவளை ஒன்றா பலவா என்பதன்று. வெளியே நிற்பவர் யார் என்பதே. வாயிலில் நிற்பவரை நாம் ஓடிச்சென்று அழைக்கிறோம். ஆனால் அடுப்படியில் நிற்பவரும் விருந்துக்கு வெளியேதான் நிற்கிறார். வீட்டுக்கு உள்ளே இருப்பதால் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். ஒன்று சிக்கனம். வறுமை நிறைந்த வீட்டில் ஒவ்வொருவர்க்கும் புதுத்தூள் இடுவது எப்படி முடியும்? சக்கையை மீண்டும் கொதிக்கவைத்தது கொடுமையால் அன்று, இல்லாமையால் அன்றோ? உண்மைதான். சிக்கனம் நற்பண்பே, அதை நான் இகழேன். ஆனால் அந்தச் சிக்கனம் எப்போதும் ஒரே தலையில் விழுவானேன்? தூள் ஒரு வடிப்புக்கு மட்டுமே உண்டு எனின், இன்று முதலாவது தந்தைக்கு, நாளை தாய்க்கு என்று முறை வைத்திருக்கலாமே. முறை வைத்தால் அது சிக்கனம். முறையே இல்லையெனில் அதற்கு வேறு பெயர்.

மற்றது அன்பு. தாய் அன்பினால் விரும்பி அவ்வாறு செய்கிறாள். அதில் குறை காண்பது தாய்மைக்கு இழுக்கு என்பர். தாயின் அன்பை நான் ஐயுறவில்லை. ஆனால் முதலாவதைச் சுவைத்தே அறியாத ஒருவர் இரண்டாவதை விரும்பித் தேர்ந்துகொண்டார் என்பது எவ்வாறு பொருந்தும்? அன்பு கொடுப்பவரிடம் இருந்தால் மட்டும் போதாது. வாங்குபவரிடமும் இருக்க வேண்டும். வாங்குபவரின் அன்பு, கொடுப்பவருக்கு என்ன மிஞ்சியது என்று பார்ப்பதில் தொடங்குகிறது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று, லயத்து வீட்டையும் ஒப்படைத்துவிட்டு என் தாய் என்னிடம் வந்து தங்கிய முதல் வாரம். காலையில் கூம்பில் தூளிட்டு ஒரு குவளை வடித்து அவர் கையில் கொடுத்தேன்.

"யாருக்குடா இது?" என்றார்.

"உனக்குத்தாம்மா."

"எனக்கெதுக்கு மொதத் தண்ணி? நீ குடி. அந்தச் சக்கையில கொஞ்சம் சுடுதண்ணி ஊத்திக் குடு, போதும்."

சக்கையைத் தாளோடு எறிந்துவிட்டேன் என்றேன். அவர் முகம் சுருங்கியது. வீணடித்ததற்காக என்னைக் கடிந்துகொண்டார். பிறகு வேறு வழியின்றி உட்கார்ந்து குடித்தார். என் தாய் உட்கார்ந்து காப்பி குடிப்பதை அன்றுதான் பார்க்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு நாற்பது வயது கடந்திருந்தது. "கெட்டியா இருக்கு," என்றார். பாராட்டா குறையா என்று கேட்கத் துணியவில்லை.

மறுவாரம் ஒரு நாள் அலுவலகத்துக்கு விடுப்பு. படிக்கட்டு கூட்டும் அம்மாளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்தக் கூம்பில் என் தாய் காப்பி வடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாளுக்குக் கொடுத்தபின், தாளை மாற்றிப் புதுத்தூளிட்டு எனக்கு ஒன்று வடித்தார். மூன்றாவதாகத் தமக்கும் புதுத்தூள் இட்டார். எங்களுக்கு இட்டதைவிட அரைக் கரண்டி குறைவாக. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார். ஒன்றும் பேசாமல் அந்த அரைக் கரண்டியையும் சேர்த்துக்கொண்டார்.

எனவே தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு என் விடை இது. தனக்கென ஒரு குவளையைக் கருத்தோடு வடித்துக்கொள்வது தன்னலமன்று. இதுவரை தமக்கென ஒன்றும் செய்துகொள்ளாதவர்க்கு அது கற்றுக்கொள்ள வேண்டிய உரிமை. இதுவரை முதலாவதையே வாங்கிக் குடித்தவர்க்கோ அது தொடக்கம் மட்டுமே. அவர் அடுத்த குவளையைப் பிறர்க்காக வடிக்கக் கற்க வேண்டும். பித்தளை வடிகட்டியைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. அது சுற்றத்தைக் கூட்டும் நல்ல பாத்திரம். நாளைக் காலையில் அதில் முதலாவது இறங்கியதும், இத்தனை ஆண்டுகளாக இரண்டாவதைக் குடித்துவருபவரை அழைத்து உட்காரவைத்து, அவர் கையில் அதைக் கொடுங்கள். அவர் மறுப்பார்; விட்டுவிடாதீர்கள்.