சமாதானத்துக்காகச் சொன்ன பொய்

உலக நாடுகளின் பாதுகாப்பையும் இராஜதந்திரத்தையும் கற்பதற்கெனப் பட்டதாரி மாணவர்கள் கோடை விடுமுறையில் ஒன்றுகூடும் வழக்கம் மேலைநாடுகளில் நெடுநாளாக இருந்து வருகின்றது. ஒல்லாந்தின் ஹேக் நகரிலுள்ள சமாதான மாளிகையில், சர்வதேசச் சட்டக் கழகம் 1923 ஆம் ஆண்டிலேயே இத்தகைய கோடைப் பாடநெறியைத் தொடங்கியது. ஆயுதக் களைவு பற்றிய கோடைப் பள்ளியொன்று 1966 இல் இத்தாலியில் ஆரம்பமாயிற்று. பல்கலைக்கழகங்கள் பலவும் இவ்வழியைப் பின்பற்றின. நாளைய தூதுவர்களும் வெளிநாட்டமைச்சு அதிகாரிகளும் இவ்வகுப்புகளிலிருந்து எழுவர். எனவே அங்கு கற்பிக்கப்படுவது உண்மையா என்பது உலகத்தார் அனைவரையும் தொடும் வினாவாகும்.

இவ்வகுப்புகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் பாடம் 1962 ஆம் ஆண்டின் கியூபா நெருக்கடி. மாணவருள் ஒரு சாரார் அமெரிக்கத் தரப்பிலும் மறுசாரார் சோவியத் தரப்பிலும் அமர்ந்து, தாமே முடிவெடுப்பவர்போல் வாதிடுவர். ஹாவார்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரகம் அலிசன் இந்நெருக்கடியை ஆராய்ந்து 1971 இல் வெளியிட்ட நூல் இத்துறை மாணவர்க்குப் பாடநூலாயிற்று. ஆயின் இப்பாடத்தின் மையத்திலே ஒரு பொய் கால் நூற்றாண்டு காலம் மறைந்திருந்தது. அப்பொய் பாவமா, புண்ணியமா? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய வினா.

நடந்ததைச் சுருக்கமாகக் கூறுவோம். சோவியத் ஒன்றியம் கியூபாவில் அணு ஏவுகணைகளை நிறுவுவதை அமெரிக்க விமானப் படங்கள் காட்டிக்கொடுத்தன. ஒக்டோபர் 16 முதல் 28 வரை பதின்மூன்று நாட்கள் உலகம் அணு யுத்தத்தின் விளிம்பில் நின்றது. 25 ஆந் திகதி பாப்பரசர் 23 ஆம் அருளப்பர் வானொலி மூலம் ஆட்சியாளர்களைச் சமாதானத்துக்காக மன்றாடினார். 27 ஆந் திகதி சோவியத் தலைவர் குருஷேவ், துருக்கியிலுள்ள அமெரிக்க ஏவுகணைகளையும் அகற்ற வேண்டும் எனப் பகிரங்கமாகக் கோரினார். அன்று மாலை ஜனாதிபதி கென்னடியின் தம்பி ரொபேட் கென்னடி, சோவியத் தூதுவர் டொப்ரினினைத் தனிமையிற் சந்தித்தார். துருக்கியிலுள்ள 15 ஏவுகணைகளும் சில மாதங்களில் அகற்றப்படும், ஆயின் இது வெளியில் வரலாகாது என்றார். மறுநாள் குருஷேவ் பணிந்தார் என்று உலகம் மகிழ்ந்தது. இந்த உறுதிமொழியை எழுத்தில் குறித்து டொப்ரினின் கொண்டுவந்த கடிதமும் ஓரிரு நாளில் திருப்பிக் கொடுக்கப்பட்டது. 1963 ஏப்பிரலில் துருக்கி ஏவுகணைகள் ஓசையின்றி அகற்றப்பட்டன.

இரகசியத்தை அறிந்தவர் ஒருசிலரே. அமெரிக்கச் சட்டசபையில் வினவப்பட்டபோது, அப்படியோர் உடன்பாடே இல்லை என அமைச்சர்கள் மறுத்தனர். ரொபேட் கென்னடி எழுதிய நூல் அவர் இறந்தபின் 1969 இல் வெளிவந்தபோது, உடன்பாட்டைத் தெளிவாகக் காட்டிய பகுதிகள் திருத்தப்பட்டிருந்தன. அவ்வாறு திருத்தியவர் தாமே என ஜனாதிபதியின் ஆலோசகராயிருந்த சொரென்சன் 1989 இல் மொஸ்கோ மாநாட்டில் ஒப்புக்கொண்டார். அதற்கு முந்திய ஆண்டு மற்றோர் ஆலோசகரான பண்டியும் தமது நூலில் உண்மையை வெளியிட்டிருந்தார்.

இம்மறைப்பை நியாயப்படுத்துவோர் கூறுவதையும் நாம் செவிமடுக்க வேண்டும். உடன்பாடு வெளியானால் நேச நாடான துருக்கி, தான் கைவிடப்பட்டதாகக் கருதியிருக்கும். அமெரிக்காவிலே கூச்சல் எழுந்திருக்கும். உடன்பாடே முறிந்து, கோடிக்கணக்கானோர் மாண்டிருக்கலாம். அத்தனை உயிர்களுக்கு முன்னே ஒரு பொய் எம்மாத்திரம் என்பது அவர்கள் வாதம். இது இலகுவில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று.

ஆயினும் மௌனம் வேறு, பொய் வேறு. உயிரைக் காப்பதற்கேனும் பொய் ஆகாது என்பது புனித அகுஸ்தீனாரின் உறுதியான கொள்கை. பொய்யை மறுத்த புனித தோமஸ் அக்குவினாஸ், விவேகத்தோடு உண்மையை மறைத்து வைக்கலாம் என்றும் கூறினார். ஒக்டோபர் 27 ஆந் திகதி இரவு காத்த இரகசியத்தை இந்த அனுமதிக்குள் அடக்கலாம். அபாயம் நீங்கியபின் சட்டசபையில் கூறிய மறுப்பையும், நூலிலே செய்த திருத்தத்தையும் அதனுள் அடக்க முடியாது. முன்னையது உயிர்களைக் காத்தது. பின்னையவை பெரும்பாலும் பெயரையும் புகழையும் காத்தன.

அப்பொய்க்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. ஐக்கிய நாடுகள் சபையில் அமெரிக்கப் பிரதிநிதியாயிருந்த அட்லாய் ஸ்ரீவன்சன், துருக்கி ஏவுகணைகளை விட்டுக்கொடுக்கலாம் என ஆலோசனைக் கூட்டத்திலே துணிந்து கூறியவர். அவர் எதிரிக்கு அடிபணிய விரும்பினார் என 1962 டிசெம்பரில் பிரபல சஞ்சிகையொன்று எழுதியது. அவர் கூறியதன் முக்கிய பகுதியை ஜனாதிபதியே இரகசியமாகச் செய்து முடித்திருந்தார் என்பது வாசகருக்குத் தெரியாது. ஸ்ரீவன்சன் 1965 இல் காலமானபோதும் உண்மை வெளிவரவில்லை. பிறர் பொருளைத் திருடினவன் அதைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்று நாம் சிறுவயதில் ஞானோபதேச வகுப்பிலே கற்றோம். பறித்த நற்பெயருக்கும் அதே சட்டந்தான். உரியவர் இறந்தபின் அக்கடனை எங்ஙனம் தீர்ப்பது?

விலை கொடுத்த மற்றவர்கள் மாணவர்கள். அசையாது நின்று அச்சுறுத்தினால் எதிராளி பணிவான் என்பதே அவர்கள் கியூபாவிலிருந்து பெற்ற பாடம். இருவரும் விட்டுக்கொடுத்தமையால் உலகம் பிழைத்தது என்பதே உண்மைப் பாடம். பிந்திய ஆண்டுகளில், வியட்நாம் உட்பட, அமெரிக்க ஆட்சியாளர் பலத்திலே அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்ததற்கு இத்தவறான பாடமும் ஒரு காரணம் எனக் கருதுவோர் உளர். மறுபுறத்தே, தோற்றவராகத் தோன்றிய குருஷேவ் 1964 இல் பதவியிழந்தபோது கியூபா விவகாரமும் அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்றாயிற்று. சமாதானம் செய்தவர் அதனாலேயே குற்றவாளியானார். விட்டுக்கொடுப்பவன் கோழை என்று பொய் கற்பித்தால், அடுத்த நெருக்கடியில் விட்டுக்கொடுக்க எவன் துணிவான்?

துருக்கி ஏவுகணைகள் அகற்றப்பட்ட அதே 1963 ஏப்பிரல் மாதத்திலேதான் 23 ஆம் அருளப்பர் உலக சமாதானம் பற்றிய தமது சுற்றுமடலை வெளியிட்டார். ஆயுதங்களின் சமநிலையில் அன்று, ஒருவரிலொருவர் வைக்கும் நம்பிக்கையிலேயே மெய்யான சமாதானம் நிலைக்கும் என்பது அதன் போதனைகளுள் ஒன்று. ரொபேட் கென்னடியின் வாய்மொழியை டொப்ரினின் மொஸ்கோவுக்கு அறிவித்தார், மொஸ்கோவும் அதை ஏற்றது, அவ்வாக்கு நிறைவேற்றவும்பட்டது. எதிரியிடம் காத்த வாய்மையைத் தம் சொந்த மக்களிடம் காக்கத் தவறியதே இவ்வரலாற்றின் துயரம்.

எனவே, கோடை வகுப்பொன்றில் கென்னடியின் ஆசனத்தில் அமரும் மாணவன் இரகசியம் காக்கக் கற்பதில் தவறில்லை. தூதுவனுக்கு அது வேண்டும். ஆயின், ‘இதை எதுவரை மறைப்பேன்? என் மௌனத்தால் யாருடைய பெயர் கெடுகிறது? எனக்குப்பின் வருபவன் இதிலிருந்து எதைக் கற்பான்?’ என்னும் மூன்று வினாக்களையும் அவன் தன் மனச்சாட்சியிடம் கேட்கட்டும். யுத்தத்தைத் தடுப்பது பெரும் புண்ணியம். அது எவ்வாறு தடுக்கப்பட்டது என்ற உண்மையைப் பின்வருவோர்க்கு விட்டுச் செல்வதும் அப்புண்ணியத்தின் ஒரு பகுதியே.