மேலான சைக்கிளும் மேலான மனிதனும்

தன்னிடமுள்ள பொருள் கெடாதிருக்கும்போதே அதனினும் மேலானதொன்றை மனிதன் விரும்புவது முறையா என்னும் கேள்வி மிகப் பழையது. துறவிகள் அதற்கு ஒரு விடை கூறினர். வியாபாரிகள் வேறொரு விடை கூறுகின்றனர். இரு சாராருடைய விடையும் கேள்வி பிறக்குமுன்னரே தயாராயிருந்தவை. ஆதலின் அவ்விரண்டையும் ஒருபுறம் வைத்துவிட்டு, ஒரு சிறு பொருளைக் கையிலெடுத்துக்கொண்டு இதனை ஆராய விரும்புகிறோம். அப்பொருள் சைக்கிள்.

வாசகருள் சிலர் நகைக்கக்கூடும். வீட்டு வாயில்தோறும் மோட்டார் சைக்கிள் நிற்கும் இந்நாளில் கால்மிதி வண்டியைப்பற்றி ஒரு கட்டுரையா என வினவுவர். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கோலகுபு பாருவுக்குச் சென்று பார்ப்பாராயின் அவர் நகைப்பு அடங்கும். அங்கிருந்து பிரேசர் மலைக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அவ்வழியை வைத்தியரும் ஆசிரியரும் லோரி ஓட்டுநரும் எம்போன்ற தோட்டத்துக் கிராணிகளும் வியர்வை சொட்டச் சொட்டத் தம் காலால் மிதித்து ஏறுகின்றனர். ஒருவரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை, கூலியும் இல்லை. இத்தகையோரிடையே சில ஆண்டுகளாக ஓயாது நடைபெறும் விவாதம் ஒன்றுண்டு. பழைய பந்தய வண்டியை விட்டு, நெடுந்தூரச் சவாரிக்கென்றே அமைந்த புதிய வண்டிக்கு மாறலாமா, மாறினால் எவ்வளவு விலையில் நிற்கவேண்டும் என்பதே அது. எம் வீட்டிலும் இவ்விவாதம் நடந்துகொண்டிருக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை.

நெடுந்தூர வண்டி என்பது யாது? பிரான்சு தேசத்தில் 1896-ஆம் ஆண்டு தொடங்கிய பாரிஸ்–ரூபே என்னும் பந்தயம், கருங்கல் பதித்த கரடுமுரடான பாதைகளின்மேல் நடைபெறுவது. அக்கற்களின் அதிர்ச்சியைத் தாங்குதற்பொருட்டு எண்ணப்பட்ட வண்டிகளே பிற்காலத்தில் சாதாரண மனிதனுக்கும் உகந்தவையாயின. ஸ்பெஷலைஸ்டு கம்பெனி 2004-ஆம் ஆண்டு தன் வண்டிக்கு ரூபே என்றே பெயரிட்டது. அப்பந்தயத்தில் பெயர்பெற்ற கன்செல்லாராவின் துணைகொண்டு டிரெக் கம்பெனி 2012-இல் டொமானே என்னும் வண்டியை வெளியிட்டது. இவற்றின் கைப்பிடி சற்று உயர்ந்தும் அருகிலும் இருக்கும். ஆகவே முதுகு அதிகம் வளையவேண்டுவதில்லை. இரு சக்கரங்களுக்குமிடையே தூரம் கூடுதல். ஆகவே வண்டி இறக்கத்தில் நிதானமாக ஓடும். மலையேறுவதற்கு இலகுவான கியர்கள் உண்டு. எல்லாவற்றிற்கும் மேலாக, அகன்ற டயர் பூட்ட இடமுண்டு.

இங்கேதான் முதலாவது ஆட்சேபம் எழுகிறது. உடலை வருத்தி வலிமை பெறுவதற்கன்றோ மலையேறுகிறீர்கள், அதில் சௌகரியம் எதற்கு என்பர் சிலர். இவ்வாட்சேபத்திற்கு ஒரு சரித்திரமுண்டு. பிரான்சு தேசத்தைச் சுற்றிவரும் பெரும் பந்தயத்தை 1903-இல் தொடங்கிய ஆன்றி தெகிரான்சு என்பவர், ஓடும்போதே கியர் மாற்றும் கருவியை நெடுங்காலம் அப்பந்தயத்தில் அனுமதிக்கவேயில்லை. அது பலவீனருக்குரியதென்பது அவர் கருத்து. 1937-ஆம் ஆண்டுதான் அத்தடை நீங்கியது. அதற்குமுன் வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டிக்கொண்டு ஏறினர். தடை நீங்கியபின் மலைகள் தாழ்ந்துவிட்டனவா? வீரர்கள் சோம்பேறிகளாயினரா? இல்லை, முன்னிலும் விரைவாக ஏறினர், ஏறி முடித்தபோது முன்போலவே களைத்தும் நின்றனர்.

சௌகரியம் இருவகைப்படும் என்பது எமது துணிபு. முயற்சிக்குப் பதிலாக வந்து நிற்பது ஒன்று. முயற்சி வீணாகாமற் காப்பது மற்றொன்று. மோட்டார் பூட்டிய வண்டி முதல்வகை. அகன்ற டயர் இரண்டாம்வகை. முன்னாளில் 23 மில்லிமீட்டர் டயரில் கல்லைப்போலக் காற்றடைத்து ஓட்டுவதே வேகத்திற்கு வழியென நம்பினர். இன்று 28, 32 மில்லிமீட்டர் டயர்களைக் காற்றுக் குறைத்து ஓட்டுகின்றனர். கரடான சாலையில் இறுகிய டயர் ஒவ்வொரு கல்லுக்கும் வண்டியையும் மனிதனையும் மேலே தூக்கி எறிகிறது. அவ்வாறு தூக்குதற்குச் செலவாகும் சக்தி ஓட்டுபவனுடைய காலிலிருந்தே பிடுங்கப்படுகிறது. மென்மையான டயரோ கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு நேரே செல்லும். ஆகவே மணிக்கட்டின் வலி வீரமன்று; கசிந்து போகும் உழைப்பு அது. நாள் முழுதும் மொட்டைக் கத்தியால் மரம் வெட்டுபவனை நாம் தியாகி என்று புகழ்வதில்லை. கத்தியைத் தீட்டிக்கொள் என்றே சொல்வோம்.

டயரைப்பற்றிப் பேசும் தமிழன் ஒரு கணம் நிற்காமற் போகலாகாது. காற்றடைத்த டயரை 1888-இல் பெல்பாஸ்ட் நகரத்து டன்லப், தம் மகனுடைய முச்சக்கர வண்டி குலுங்காமல் ஓடுதற்பொருட்டுச் செய்தார். ஒரு குழந்தையின் சௌகரியத்தில் தொடங்கிய காரியம் அது. பிரேசில் தேசத்து விதைகளிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த ரப்பர்க் கன்றுகள் 22, 1877-ஆம் ஆண்டே சிங்கப்பூருக்கு வந்திருந்தன. முதலிற் சைக்கிளும் பின்னர் மோட்டாரும் டயர் கேட்கவே, மலாயாக் காடுகள் அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. தென்னாட்டிலிருந்து நம் முன்னோர் கப்பலேறினர். உலகம் குலுங்காமல் ஓடுதற்பொருட்டு அவர்கள் இருட்டிலெழுந்து பால் மரம் வெட்டினர். இன்று பெருந்தோட்டங்களில் ரப்பர் நின்ற நிலம் பெரும்பாலும் செம்பனையாயிற்று. எனினும் சௌகரியம் யாருடைய கையிலிருந்து வந்தது என்பதை அறிந்தவன் அதனை இகழவும் மாட்டான், ஊதாரித்தனமாக வாரி இறைக்கவும் மாட்டான் என்று நம்புகிறோம்.

இனி, இரண்டாவது ஆட்சேபம் சற்று ஆழமானது. மேலான வண்டியில் ஏறியவன் மேலே சேர்ந்தால், சேர்ந்தது அவனா, வண்டியா?

ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் ஓட்டமுடியும் என்னும் சாதனையின் வரலாறு இதற்கு விளக்கம் தரும். பெல்ஜியம் நாட்டு எடி மெர்க்ஸ் 1972-இல் மெக்சிகோ நகரில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். 1993-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கிரேம் ஒப்ரி, தாமே செய்த வண்டியில், சலவை யந்திரத்தின் பாகங்களைக்கூடப் பயன்படுத்தி, 51.596 கிலோமீட்டர் ஓட்டினார். ஒரு வாரத்திற்குள்ளேயே கிறிஸ் போர்டுமன் அதனை மிஞ்சினார். 1996-இல் அவரே கைகளை முன்னே நீட்டிய ஒரு புதிய நிலையில் 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். உலக சைக்கிள் சங்கத்தார் அஞ்சினர். மெர்க்ஸ் ஓட்டியது போன்ற வண்டியில் ஓட்டினாலன்றி அது உண்மைச் சாதனையாகாது என விதித்தனர். 2000-ஆம் ஆண்டு போர்டுமன் அத்தகைய வண்டியிலும் ஏறினார், 49.441 கிலோமீட்டர் ஓட்டினார். மெர்க்ஸினும் பத்தே மீட்டர் அதிகம்! தாம் முன்பு ஓட்டியதினும் ஏழு கிலோமீட்டர் அளவு குறைவு. நான்கு ஆண்டு மூப்பையும் கழித்துப் பார்த்தாலும், அவ்வேழில் பெரும்பங்கு வண்டிக்கும் அதன்மேல் அமரும் நிலைக்கும் உரியதென்பதில் ஐயமில்லை.

இதனால் மனிதன் பூச்சியம், யந்திரமே யாவும் என்று முடிவு கட்டுவோர் ஒப்ரியை மறந்தவராவர். அவர் விலைகொடுத்துப் பெருமையை வாங்கவில்லை. தம் உடலை நன்கறிந்து அதற்கேற்ற கருவியைக் கண்டார். போர்டுமனோ, கருவி பறிக்கப்பட்டபின்னும் அந்தப் பத்து மீட்டரைத் தம் காலால் சம்பாதித்தார். சங்கத்தாரும் 2014-இல் அவ்விதியைத் தளர்த்தி, தற்கால வண்டிகளை அனுமதித்தனர். கருவியைக் கழித்துவிட்டு மனிதனைத் தனியே நிறுக்கும் தராசு கிடைக்கவில்லை போலும்.

ஆயினும் கிராணி வேலை பார்ப்பவன் கணக்குப் பார்க்காமல் இருக்கமுடியுமா? ஓட்டுபவனும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ எனக் கொள்வோம். பணத்தை வாரியிறைத்து வண்டியில் ஒரு கிலோ குறைத்தால், செங்குத்தான ஏற்றத்தில் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு மிச்சம். ஒரு மணி நேர ஏற்றத்தில் இது ஒரு நிமிஷத்திற்கும் குறைவு. சமவெளியிலோ பெரும் எதிரி காற்று. அக்காற்றைப் பெரும்பாலும் தடுத்து நிற்பது வண்டியன்று, ஓட்டுபவனுடைய உடல். அந்த ஒரு கிலோவைத் தம் வயிற்றிலேயே வைத்துக்கொண்டு வண்டியிற் குறைக்கப் பணம் செலவிடும் அன்பர்களை யாம் அறிவோம். பெயர் சொல்லமாட்டோம். கார்பன் சட்டமும் மின்சாரக் கியரும் கூடாவென்பதன்று. அவற்றின் மேற்படிகளில் விலை ஏறும் அளவுக்குப் பயன் ஏறுவதில்லை என்பதே செய்தி.

அப்படியாயின் அவ்விலையை ஏன் கொடுக்கின்றனர்? பிறர் பார்ப்பதற்காக. எம் இல்லத்தரசி இதனை எம்மினும் சுருக்கமாகச் சொன்னார்: "உங்கள் முழங்காலுக்கு வேண்டியதை வாங்குங்கள், உங்கள் கூட்டாளிகள் கண்ணுக்கு வேண்டியதை அவர்களே வாங்கிக்கொள்ளட்டும்." யாரும் காணாத இருட்டுச் சாலையில் தன்னந்தனியே ஓட்டும்போதும் எது வேண்டுமோ அதுவே தேவை, மற்றது பகட்டு என்று இதிலிருந்து ஒரு விதியை உண்டாக்கலாமென யாம் முதலில் எண்ணினோம்.

ஆனால் அவ்விதியை அப்படியே ஏற்கவிடாமல் ஒரு வரலாறு குறுக்கே நிற்கிறது. முற்காலத் தோட்டங்களிற் சைக்கிளில் வரும் தொழிலாளி, துரையைக் கண்டால் இறங்கி நிற்கவேண்டும். துரையை மட்டுமன்று, கிராணிமாரைக் கண்டாலும் இறங்கவேண்டும். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர், ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவற்றுடன் இன்னொரு கோரிக்கையையும் வைத்தனர். துரைமார் முன்னும் உத்தியோகஸ்தர் முன்னும் சைக்கிளிலிருந்து இறங்காமற் செல்ல உரிமை வேண்டும் என்பதே அது. நாதன் கைதாகி நாடுகடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது. கிராணி வர்க்கத்தில் வந்தவர் யாமாகையால் இச்செய்தியை இலேசாகக் கடந்துபோக எம்மால் இயலவில்லை.

அத்தொழிலாளர் கேட்டது யாது? பிறர் கண்முன் ஓட்டும் உரிமையையன்றோ! எவரும் காணாத சாலையில் ஓட்ட அவர்களுக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. எம் விதிப்படி பார்த்தால் அவர்கள் விரும்பியதும் பகட்டாகிவிடும். அஃது எவ்வளவு பெரிய அநியாயம்! ஆகவே பிறர் காணவேண்டுமென்னும் ஆசை முழுவதையும் பழிப்பது தவறு. "நானும் உன்போன்ற மனிதனே" என்று காட்டுவதற்காகக் காணப்படுவது ஒன்று. "நீ என்போன்றவனல்லன்" என்று காட்டுவதற்காகக் காணப்படுவது வேறொன்று. முன்னது சவாரி செய்பவனை நிமிர்த்துகிறது. பின்னது எதிரே வருபவனைச் சைக்கிளிலிருந்து மறுபடியும் இறக்குகிறது, வாயால் இறங்கென்று சொல்லாவிடினும். மலிவான வண்டியில் வந்த இளைஞனைக் கூட்டத்தில் ஏளனமாய் நோக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கனவான்கள் இதனைச் சிந்திக்கவேண்டும். நாள் முழுதும் செம்பனைக் குலை அறுத்தவன் வார இறுதியில் பழைய வண்டியோடு வந்து நின்றால், அவனுக்காக வேகத்தைக் குறைப்பவனே எம் கணக்கில் நல்ல சவாரிக்காரன். எத்தனை ஆயிரம் வெள்ளி வண்டியில் வந்தான் என்பதை யாம் கேளோம்.

பணத்தைப்பற்றி ஒரு வார்த்தை. தவணை முறையில் வாங்கலாமென்று கடைக்காரர் புன்னகையோடு கூறுவர். இன்பத்திற்கான பொருளைக் கடனில் வாங்குபவன் ஞாயிறு ஒரு நாள் மிதித்து, மற்ற ஆறு நாளும் கடனை மிதிக்கிறான். எம் மூத்த மகள் அடுத்த ஆண்டு இடைநிலைப்பள்ளி புகுகிறாள். அவள் செலவுக்கென ஒதுக்கிய தொகையை முதலில் எடுத்து வைத்து, மீந்ததைக் கொண்டே வண்டியின் படியைத் தீர்மானிப்பதென வீட்டில் முடிவாயிற்று. மீந்ததற்குக் கிடைப்பது அலுமினியச் சட்டமும், கையால் மாற்றும் கியரும், டிஸ்க் பிரேக்கும் கொண்ட ஒரு நெடுந்தூர வண்டி. 32 மில்லிமீட்டர் டயர் அதில் தாராளமாக நுழையும். எமக்கு இவ்வளவு போதும்; வருவாய் மிக்கவர் கார்பனே வாங்குக, எமக்கு வழக்கில்லை.

வாங்க நினைப்போர் கடைக்குள் நின்றபடி தூக்கிப் பார்த்து எடையை மெச்சுதல் வேண்டா. உயரத்திற்கும் கைநீளத்திற்கும் ஏற்ற சட்டம்தானா என அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இரவலாகவேனும் அதே அளவுள்ள வண்டியொன்றில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். கழுத்தும் மணிக்கட்டும் அப்போது வாய்திறக்கும். ஓட்டிப் பார்க்க இடங்கொடாத கடைக்காரரிடம் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த கடைக்குச் செல்லுங்கள்.