அணைக்கட்டும் பாறைகளும்

விடுமுறை வந்தால் மேட்டூர், ஒகேனக்கல் என்று குடும்பத்தோடு புறப்படுகிறோம். இது வீண் விளையாட்டு என்று கடிந்துகொள்ளும் பெரியவர்களும் நம்மிடையே உண்டு. தொழுகை தவறுமே என்ற அவர்களுடைய அச்சம் நியாயமானது. ஆனால் அவர்கள் கூறும் தீர்ப்பு சரியன்று.

இத்தகைய பயணம் அடிப்படையில் முபாஹ். மலைகள் எவ்வாறு நாட்டப்பட்டுள்ளன எனப் பார்க்கத் தூண்டுவது காஷியா சூரா. பிளந்து நீர் சொரியும் பாறைகளையும் இறையச்சத்தால் உருண்டு விழும் பாறைகளையும் எடுத்துக் கூறி, கல்லினும் இறுகிய உள்ளங்களைக் கண்டிப்பது பகரா சூரா. ஒகேனக்கல்லில் காவிரி பாறைகளைப் பிளந்து இறங்குவதைக் காண்பவருக்கு இதற்குத் தனி விரிவுரை வேண்டுமா?

மேட்டூரின் நிலை வேறு. 1934இல் கட்டி முடிந்த அணை அது. 120 அடி நீர் தேங்க ஊர்கள் பல மூழ்கின. நீர் வற்றினால் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலும் மாதா கோயிலும் தலைகாட்டும். ஸமூது கூட்டத்தார் பாறை குடைந்து வாழ்ந்த ஹிஜ்ரை அழுதவாறு கடக்கச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அது தண்டனை இறங்கிய இடம். இவ்வூராரோ தண்டிக்கப்பட்டவர்களல்லர், நம் தஞ்சை நெல்லுக்காக வீடிழந்தவர்கள். மனிதருக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவன் என்ற ஹதீஸை அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

சேலத்திலிருந்து மேட்டூர் மட்டும் போய்த் திரும்புபவருக்குக் கஸ்ர் இல்லை. லுஹர் நான்கு ரக்அத்துதான். பெண்கள் ஒளுச் செய்ய மறைவான இடம் பார்த்துக் கொடுப்பது ஆண்களின் பொறுப்பு, மீன் வறுவலுக்கு ஓடுமுன்.