உயர்வின் கடன்

ஆங்கிலேயர் தம் மொழிக்கே உரியதுபோல் வழங்கிவரும் பிரெஞ்சுத் தொடர்களுள் ‘நொப்லெஸ் ஒப்ளீஜ்’ என்பது ஒன்று. மேன்மக்களாய்ப் பிறந்தவர்களை அந்த மேன்மையே சில கடமைகளுக்குக் கட்டுப்படுத்துகிறது என்பது அதன் தாத்பரியம். லெவி பிரபு 1808-ஆம் ஆண்டில் வெளியிட்ட நீதிமொழித் தொகுப்பில் இவ்வாசகம் காணப்படுகிறது. பிரபுக்களின் பரம்பரைச் சலுகைகளைப் பிரான்ஸின் தேசிய சபை 1789 ஆகஸ்டு 4-ஆம் தேதி இரவில் ஒழிக்கத் தீர்மானித்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. உரிமைகள் யாவும் பறிபோன பின்னும் உயர்குடிப் பிறப்புக்கு ஏதேனும் அர்த்தம் எஞ்சியிருக்குமானால் அது கடமை ஒன்றாகவே இருக்க முடியும் என்று, புரட்சியைக் கண்ணாரக் கண்ட அம்மனிதருக்குத் தோன்றியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இன்று ஆங்கிலத்தில் இத்தொடரின் பிரயோகம் இருவகைப்படும். செல்வர் ஒருவர் தம் அந்தஸ்துக்கேற்ப உதாரகுணத்தோடு நடந்துகொள்ளும்போது புகழ்ச்சியாகவும், அவர் மேலிருந்துகொண்டே கீழே கை நீட்டுகிறார் என்று தோன்றும்போது குறைகூறலாகவும் அது வழங்குகிறது. ஒரே தொடர் இவ்விரண்டுக்கும் பயன்படுவதில் ஆழ்ந்த நியாயம் இருக்கிறது. உயர்ந்தவன் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்பதில் ஐயமில்லை. பெறுகிறவனைத் தாழ்த்தாமல் கொடுப்பது எங்ஙனம் என்பதே என்னை நெடுநாளாக அலைக்கழிக்கும் கேள்வி.

தாம்பரத்தைச் சூழ்ந்த எங்கள் புறநகரில் பிறப்பால் பிரபுக்கள் என்று எவரும் இல்லை. பெரும்பாலோர் எங்கிருந்தோ வந்து, அரை கிரவுண்டு மனை வாங்கி, கடன்பட்டு வீடு கட்டியவர்கள். ஆயினும் உயர்வும் தாழ்வும் எத்தகையவை என்பதை 2015 டிசம்பரில் மழை எங்களுக்கு உணர்த்திற்று. அம்மாதம் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு கரைபுரண்டு முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. அன்றிரவு உயர்ந்தவர் என்றால் மாடி உள்ளவர் என்று பொருள்.

முடிச்சூரில் என் உறவினர் வீட்டு மாடியில் அன்று ஐந்து குடும்பங்கள் தங்கின. கழிவுநீர் வாய்க்கால் தகராறில் பல காலமாய் முகங்கொடுத்துப் பேசாதிருந்த பக்கத்து வீட்டுக்காரரும், மார்பளவு நீரில் ரேஷன் கார்டையும் பிள்ளைகளின் சர்டிபிகேட்டுகளையும் பிளாஸ்டிக் பையில் கட்டித் தலைமேல் சுமந்தபடி அந்தப் படியேறினார். வீட்டுக்கார அம்மாள், “ஈரத்தோட நிக்காதீங்கண்ணா, மேல வாங்க” என்று மட்டும் சொல்லித் துண்டை நீட்டினாள். இருந்த ஒரே சிலிண்டரில் அண்டா நிறையக் கஞ்சி காய்ச்சப்பட்டது. வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் ஒரே ஜமக்காளத்தில் படுத்தார்கள். பிற்பாடு அந்த அம்மாள் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அதே தெருவில் வேறொரு வீட்டாரும் அவ்வாறே அடைக்கலம் கொடுத்தவர்கள்தாம். ஆனால் “நாங்க மட்டும் இல்லேன்னா அன்னிக்கு என்ன ஆயிருப்பாங்க” என்று அவர்கள் விசேஷ வீடுகளிலெல்லாம் சொல்லிவர, உதவி பெற்றவர்கள் அவர்களைக் கண்டால் வேறு சந்தில் திரும்பத் தொடங்கினார்கள். கொடுத்ததில் இரு வீட்டாருக்கும் வித்தியாசமில்லை. கொடுத்த பின்னும் மாடியிலேயே நின்றவர்கள் யார், இறங்கி வந்தவர்கள் யார் என்பதில்தான் வித்தியாசம்.

இறங்கி வருவதை ஒரு தனிமனிதரின் நற்குணத்துக்கு மாத்திரம் விட்டுவிடாமல் நிலையான ஏற்பாடாக ஆக்க இயலுமா என்று கேட்டால், அதற்கும் எங்கள் ஊரிலேயே விடை உண்டு. இங்கிலாந்தில் மென்டிப் குன்றுகளில் க்ஷயரோக சானடோரியம் நடத்தியவரும், கணிதமேதை ராமானுஜனுக்கு அங்கே சிகிச்சையளித்தவருமான டாக்டர் டேவிட் சௌரி முத்து, 1928-இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்படாத அந்நாளில், சொந்த வீட்டாரே ஒதுக்கிவைத்த நோயாளிக்குச் சுத்தமான காற்றும் வெளிச்சமும் ஓய்வும் ஊட்டமான ஆகாரமுமே மருந்து. 1937-இல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. ஒருவருடைய உபகாரமாகத் தொடங்கியது எல்லோருக்கும் உரிமையாக மாறிய நாள் அதுவே. சென்னையில் 1956-இல் தொடங்கிய க்ஷயரோக ஆராய்ச்சி மையம், வீட்டிலிருந்தே மருந்துண்டு இந்நோயைக் குணப்படுத்தலாம் என்று 1959-இல் நிரூபித்த பின்னரும் தாம்பரம் ஆஸ்பத்திரி தன் வேலை முடிந்துவிட்டதாக எண்ணவில்லை, 1990-களில் எச்.ஐ.வி. நோயாளிகளைத் தொடவும் பலர் அஞ்சியபோது அவர்களுக்கு அது கதவைத் திறந்தது.

மின்சார ரயிலில் “சானடோரியம் இறங்கணும், கொஞ்சம் வழி விடுங்க” என்று நெருக்கித் தள்ளிக்கொண்டு வருகிறவர்களுள் அநேகருக்கு ஸ்தாபகரின் பெயர் தெரியாது. ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கூலித்தொழிலாளி யாருக்கும் கைகூப்ப வேண்டியதில்லை. மாத்திரை தரத் தாமதமானால் ஏன் என்று உரக்கக் கேட்கவும் அவனுக்குச் சுதந்தரம் உண்டு. இதைக் கிருதக்ஞதைக் குறைவென்று சிலர் வருந்துவார்கள். நானோ, கொடுத்தவரின் கைம்மாறு கருதாத எண்ணம் பூரணமாகப் பலித்துவிட்டதற்கு இதுவே அத்தாட்சி என்று கொள்கிறேன்.

திருவள்ளுவர் ஈகை அதிகாரத்துக்கு முன்னால் ஒப்புரவறிதலை வைத்தார். உலகத்தோடு ஒத்து, பிறரும் தன்னைப்போல் வாழவேண்டியவர் என்று அறிந்தவனே ஈவதற்குத் தகுதி பெறுகிறான் என்று அவ்வரிசையை நான் புரிந்துகொள்கிறேன். ஊரார் வரிப்பணத்தில் படித்து, ஊர் ஏரியின் நிலத்தடி நீரைக் குடித்து, நல்ல உத்தியோகமும் மாடிவீடும் பெற்ற நம் போன்றோர் கொடுப்பதெல்லாம் திருப்பிக் கொடுப்பதேயன்றித் தானமாகாது. கடனைத் தீர்க்கிறவன் கல்வெட்டில் பேர் பொறித்துக்கொள்வதில்லை.

ஆபத்தில் வந்தவருக்கு மாடியைத் திறப்பது முதற்கடமை. அதில் தாமதம் கூடாது. அதற்கப்பால் இன்னொரு கடமை இருக்கிறது. மழைநீர்க் கால்வாய்களைத் தூர்வாரச் சொல்லி மாநகராட்சியில் மனுக் கொடுப்பதும், ஏரியின் போக்குக்காலில் மனை போடுவதை எதிர்த்து நிற்பதும், அதனால் தன் மனையின் விலை குறைந்தாலும் சம்மதிப்பதும் மாடியுடையவர் செய்ய வேண்டியவை; ஏனெனில் அலுவலகங்களில் அவருடைய குரலுக்கே செவி கிடைக்கிறது. அடுத்த பெருமழையில் கீழ்வீட்டார் எவரும் யாருடைய படியையும் ஏற வேண்டாதபடி செய்தால்தான் உயர்வின் கடன் தீர்ந்ததாகும்.