27 வருஷத்துப் பாக்கி

2014 ஐப்பசி மழையில் பரண் ஒழுகியது. மேலே கிடந்த பிஸ்கட் டின்னை அவசரமாக இறக்கினேன். அதில் இருந்தவை வண்ண அட்டைகள். சிற்றலை வானொலி கேட்டுவிட்டு, இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன அலைவரிசையில் உங்கள் ஒலி இப்படி இருந்தது என்று நிலையத்துக்கு எழுதினால், ஆமாம், அது நாங்கள்தான் என்று ஒப்புக்கொண்டு அவர்கள் அனுப்புவது. கியூ.எஸ்.எல். அட்டை என்று அதற்குப் பெயர். எங்களைப் போன்ற ரேடியோ பைத்தியங்களுக்கு அது பதக்கம் மாதிரி.

அட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக் காயவைக்கும்போது நடுவில் ஓர் இன்லண்ட் லெட்டர் அகப்பட்டது. 1987இல் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பையன் எழுதியது. ஏதோ ஒரு வெளிநாட்டு நிலையத்தின் நேயர் கடிதப் பகுதியில் என் முகவரியை வாசித்ததைக் கேட்டு எழுதிக்கொண்டானாம்.

“மதிப்பிற்குரிய சாருக்கு. 31 மீட்டரில் ராத்திரி ஒரு ஸ்டேஷன் ஆரம்பிக்கும் முன்னால் யாரோ சிரிக்கிறார்கள். மனுசச் சிரிப்பு மாதிரி இல்லை. குரங்கு என்று நினைக்கிறேன். எங்க ஆத்தா அதைக் கேட்டால் ரேடியோவை அணைக்கச் சொல்கிறது. அது எந்த ஸ்டேஷன் என்று தாங்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.”

நான் பதில் போடவில்லை.

கடிதம் வந்த அன்று எனக்கு விடை தெரியாது. ரேடியோவில் பெயர் வாசிக்கப்பட்ட பெரிய மனுஷன், தெரியாது என்று எப்படி எழுதுவது? இரண்டு மாதத்துக்குள் அதே சிரிப்பு என் செட்டிலும் விழுந்தது. பின்னாலேயே ஆங்கில அறிவிப்பு வந்தது. ரேடியோ ஆஸ்திரேலியா. சிரித்தது கூக்கபுரா என்னும் பறவை. அப்போதே ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் இரண்டு மாதத் தாமதத்துக்கு ஒரு சாக்கு சொல்ல வேண்டியிருந்தது. சாக்கு தேடுவதற்குள் ஆறு மாதம் ஆகிவிட்டது. ஆறு மாதத்துக்குச் சாக்கு போதாது, மன்னிப்பே கேட்க வேண்டும். ஒரு வருஷம் போனபின் அந்த லெட்டரைக் கண்ணால் பார்க்கவே கூச்சமாகி, டின்னின் அடிக்குத் தள்ளிவிட்டேன். வட்டி அசலைத் தாண்டிய கைமாற்று மாதிரிதான்.

ஆனால் 27 வருஷம் கழித்து அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது கூச்சம் துளியும் இல்லை. அதுவும் காலாவதியாகிவிட்டது போலிருக்கிறது. குறுகுறுப்பு மட்டும்தான் இருந்தது. இப்போது எழுதினால் என்ன?

வீட்டில் சிரித்தார்கள். “அந்தப் பையன் இன்னும் ரேடியோ முன்னால உக்காந்திருப்பானா?” என்றாள் மனைவி. கேலிதான் என்றாலும் கேள்வி நியாயமானது. பழைய விஷயத்தைக் கிளறுவது யாருக்காக, கேட்டவனுக்காகவா, என் கணக்கை நேர்செய்துகொள்ளவா?

இந்த இடத்தில் ஹாம்காரர்களைச் சொல்ல வேண்டும். உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தே வானொலி அலைவழியே உலகத்தோடு பேசுகிறவர்கள். அவர்களும் பேசி முடித்ததும் ஒருவருக்கொருவர் அட்டை அனுப்புவார்கள். தனித்தனியாகத் தபாலில் போட்டால் கட்டுப்படியாகாது என்று பல நாடுகளில் ஒரு பீரோ வைத்திருக்கிறார்கள். நம்மூர் இரும்பு பீரோ இல்லை, அட்டைகளைச் சேர்த்து மூட்டையாக அனுப்பிப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு. அந்த வழியில் ஓர் அட்டை வந்துசேர இரண்டு வருஷமும் ஆகும், ஐந்து வருஷமும் ஆகும். யாரும் முகம் சுளிப்பதில்லை. லாக் புத்தகத்தைப் புரட்டி, அன்றைக்கு இத்தனை மணிக்கு இவரோடு பேசியிருக்கிறோம் என்று சரிபார்த்துப் பதில் அட்டை எழுதுவார்கள், அவ்வளவுதான். அதில் மன்னிப்புக்கு இடம் கிடையாது. தேதி, உலக நேரம், அலைவரிசை, ஒலித்தரம் மட்டுமே உண்டு. சில நேரம் அட்டை வந்துசேரும்போது பேசியவரே இருக்கமாட்டார். அவரை ‘சைலண்ட் கீ’ என்பார்கள், தந்திச் சாவி ஓய்ந்துவிட்டது என்று பொருள். எனக்குத் தெரிந்து நாகரிகமான இரங்கல் சொல் அது.

அலைக்கே தாமதம் உண்டு. 1927இல் நார்வேயில் ஹால்ஸ் என்ற பொறியாளர், ஹாலந்தின் ஐந்தோவன் நகரத்துச் சிற்றலை நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, சமிக்ஞை வந்து சுமார் மூன்று விநாடி கழித்து அதன் எதிரொலி தனியாக வந்ததைக் கவனித்தார். வானொலி அலை பூமியை ஒருமுறை சுற்றிவர ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்கு போதும். அந்த மூன்று விநாடியும் அது எங்கே போயிருந்தது என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்கிறார்கள், எதுவும் முடிவானதில்லை. அதைப் படித்த நாளிலிருந்து என் சோம்பலுக்கு ஒரு துணை கிடைத்த மாதிரி இருந்தது.

ஐம்பது பைசா கார்டு வாங்கி வந்தேன். முதலில் எழுதியதில் முக்கால்வாசி மன்னிப்பு. கிழித்தேன். அது அவருக்கு வேலை வைக்கிறது. பரவாயில்லை, இதிலென்ன என்று அவர் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். பாக்கி வைத்தவன் கடன் கொடுத்தவரிடமே ஆறுதலும் கேட்பது அநியாயம். கடைசியில் இப்படி எழுதினேன்: ‘1987இல் நீங்கள் கேட்ட சிரிப்பு ரேடியோ ஆஸ்திரேலியா. சிரித்தது குரங்கு அல்ல, கூக்கபுரா. நம்மூர் மீன்கொத்தி இனம். ஆற்றோரம் மீன் பிடித்துத் தின்னும்.’ கடைசி வரி என் சொந்தச் சரக்கு. கார்டில் இடம் மிச்சமிருந்தது.

மூன்று வாரத்தில் பதில் வந்துவிட்டது. ‘சார்’ போய் ‘அன்புள்ள அண்ணாவுக்கு’ என்று ஆரம்பித்திருந்தார். அந்த வருஷமே விடையைத் தெரிந்துகொண்டாராம். மெல்போர்னுக்கே எழுதிக் கேட்டு வண்ண அட்டையும் வாங்கிவிட்டாராம். ‘ஒரு சின்னத் திருத்தமுங்க. மீன்கொத்தி இனம்தான், ஆனா கூக்கபுரா மீன் பிடிக்கிறது அபூர்வம். பூச்சி, பல்லி, சின்னப் பாம்பு, இதுதான் அதுக்குத் தீனி.’

புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.

நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. கேள்வி கேட்ட பையன் மீசை முளைக்காமல், ஆத்தாவுக்குப் பக்கத்தில், ஏரியல் கம்பியைத் திருகிக்கொண்டு 27 வருஷமாக என் கார்டுக்காக உட்கார்ந்திருக்கிறான் என்றுதான். அவரோ அதைத் தாண்டிப் போய், எனக்குத் தெரியாததையும் தெரிந்துகொண்டு, நாற்பதைக் கடந்துவிட்டார். பாக்கி என் நோட்டில் மட்டும்தான் இருந்திருக்கிறது.

கார்டின் ஓரத்தில் நெருக்கி இன்னும் நாலு வரி இருந்தது. ‘ஆத்தா போய்ச் சேர்ந்துருச்சு. அந்த ரேடியோ மட்டும் வெச்சிருக்கேன். ஒரு வால்வு போயிருச்சு. ஈ.சி.எச். 81. உங்க பக்கம் கிடைச்சா சொல்லுங்கண்ணா.’

இந்த முறை உடனே பதில் போட்டேன், தேடுகிறேன் என்று. தேடவும் செய்தேன். ஆனால் வால்வு ரேடியோ பார்க்கிற ஆட்கள் திருநெல்வேலியில் ஒவ்வொருவராகக் கடையை மூடிக்கொண்டிருந்த காலம் அது. 2017 ஜனவரி 31ஆம் தேதி ரேடியோ ஆஸ்திரேலியா சிற்றலையையே நிறுத்திவிட்டது. அடுத்த மாதம், பழைய மெக்கானிக் ஒருவர் வீட்டு மேசை டிராயரில், பெட்டி கூடப் பிரிக்காத ஈ.சி.எச். 81 ஒன்று கிடைத்தது. இனி எதற்கு என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. பஞ்சு சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்துப் பார்சலில் அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து ராத்திரி போன் வந்தது. பின்னணியில் இரைச்சல், அதற்குள் ஏறி இறங்கும் ஒரு தமிழ்க் குரல்.

“சைனா ரேடியோ நல்லா கேக்குதுங்ணா” என்றார்.