நடுவில் இருக்கும் குழந்தை



எம்பெருமான் முருகனின் திருவருளை முன்னிட்டு, கந்தசஷ்டி விரதத்தின் முதல் நாள் எமது ஆலய மண்டபத்தில் நாம் பேசிய சில வார்த்தைகளை, அன்று வரமுடியாத அடியார்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க இங்கே எழுத்தில் தருகின்றோம். பேசும்போது சிலருடைய முகம் வாடியதைக் கண்டோம். எவரையும் புண்படுத்துவது எமது நோக்கமன்று. ஆனால் நாம் பேசாமல் விட்டால் புண்படுவது பிள்ளைகள் என்பதனாலேயே பேசத் துணிந்தோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. ஏழெட்டு வயதுப் பிள்ளை ஒன்று அம்மம்மாவுடன் அர்ச்சனைத் தட்டை ஏந்திக்கொண்டு வந்து நின்றது. குருக்கள் வழமைபோல் பெயர், நட்சத்திரம் கேட்டார். பிள்ளை தன் பெயரைச் சொன்னது. அம்மாவின் பெயரைச் சொன்னது. அடுத்து அப்பாவின் பெயரைச் சொல்ல வாயெடுத்து, அம்மம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அவ்வளவுதான் ஐயா" என்றது.

அது யாருடைய பிள்ளை என்று தேட வேண்டாம். அப்படி நின்ற பிள்ளை ஒன்று மட்டுமல்ல. நீதிமன்றத்தில் உள்ள குடும்ப வழக்கில் சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காட்டி ஊரறிய வெளியிடுவது இந்நாட்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும். நாம் கேட்பது ஒன்றுதான். இறைவன் சந்நிதியிலே கூடத் தன் தகப்பனின் பெயரைச் சொல்லப் பயப்படும் நிலைக்கு ஒரு பிள்ளையைக் கொண்டு வந்தவர்கள் யார்?

சிவாலயங்களிலே சோமாஸ்கந்த மூர்த்தத்தை நாம் அனைவரும் தரிசித்திருக்கிறோம். உமையோடும் கந்தனோடும் கூடியவர் என்பது அப்பெயரின் பொருள். திருவாரூர்த் தியாகேசப் பெருமான் இத்திருக்கோலத்தில் எழுந்தருளியவரே. அப்பன் ஒரு பக்கம், அம்மை ஒரு பக்கம், குழந்தை நடுவில். அந்த நடுவிடம் இழுபறிக்குரிய இடமன்று. இருபுறத்து அருளும் வந்து சேரும் இடம்.

சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுக் குழந்தையாய் நின்ற திருஞானசம்பந்தரை நினைத்துப் பாருங்கள். தந்தையார் நீரினுள் மூழ்கியிருந்தார். அவரைக் காணாத குழந்தை கோயிற் சிகரத்தைப் பார்த்து அழுதது. அம்மையையும் அப்பனையும் ஒருங்கே அழைத்து அழுதது என்பதே பெரியபுராணம் காட்டும் காட்சி. இறைவனும் தனியே வரவில்லை, உமையம்மையாருடன் எழுந்தருளினார். அழுகின்ற பிள்ளைக்குத் தேவைப்படுவது வழக்கில் வென்ற ஒருவர் அன்று. அம்மாவும் வேண்டும், அப்பாவும் வேண்டும்.

"அப்படியானால் பிரிந்தவர்கள் மீண்டும் சேர்ந்து வாழ வேண்டும் என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. சேர்ந்து வாழ முடியாத நிலை சில குடும்பங்களில் வருகிறது. 1975ஆம் ஆண்டின் அவுஸ்திரேலியக் குடும்பச் சட்டம், யாரில் பிழை என்று தோண்டாமல், பன்னிரண்டு மாதங்கள் பிரிந்திருந்தால் மணமுறிவு கேட்க இடமளிக்கிறது. கணவன் மனைவி என்ற முடிச்சு அவிழலாம். தாய் தந்தை என்ற முடிச்சை அவிழ்க்க எந்த நீதிமன்றத்தாலும் இயலாது. அந்த இரண்டாவது முடிச்சை எப்படிக் காப்பது என்பதுதான் எமது பேச்சு.

ஊரிலே இப்படி ஒரு பிணக்கு வந்தால் பெரியப்பாவோ தாய்மாமனோ விறாந்தையில் வந்து குந்தியிருந்து, இரண்டு பக்கமும் கேட்டு, "பிள்ளையை முதலில் பார்" என்று ஒரு வார்த்தை சொல்வார். இங்கே அந்தப் பெரியவர் இல்லை. இருப்பவர்களும் பெண் பக்கம், மாப்பிள்ளை பக்கம் என்று ஆளுக்கொரு பக்கம் நின்றுவிடுகிறோம். ஆகவே அந்த ஆசனத்தில் இந்நாட்டு நீதிமன்றம் வந்து அமர்கிறது.

அது என்ன செய்கிறது என்பதைப் பலர் சரியாக அறியாமலே பயப்படுகிறார்கள். பிள்ளைகள் விடயத்தில் வழக்குத் தொடர முன்னர், பொதுவாக இரு பெற்றாரும் குடும்பத் தகராறு தீர்வுக்கு முயன்று அதற்கான சான்றிதழைப் பெறவேண்டும். வன்முறை, அவசரம் போன்ற நிலைகளில் இதற்கு விலக்கு உண்டு. அங்கே இணக்கம் வராவிட்டால், 2021 செப்டெம்பர் 1 முதல் ஒன்றிணைந்து இயங்கும் மத்திய சுற்று மற்றும் குடும்ப நீதிமன்றத்துக்குச் செல்கிறது. பெற்றாரின் சண்டை கடுமையாக இருந்தால், தீர்ப்பு மட்டும் போதாது என்பதை அந்நீதிமன்றம் அறியும். ஆதலால் பிரிந்த பெற்றாருக்கான வகுப்புக்கோ ஆலோசனைக்கோ போகும்படி கட்டளையிடலாம். பிள்ளையைக் கையளிப்பதைப் பிள்ளைகள் தொடர்பு நிலையத்தில் நடத்தும்படி சொல்லலாம். அங்கே பெற்றார் ஒருவரையொருவர் சந்திக்காதபடி வழமையாக வெவ்வேறு நேரத்தில் வருவார்கள். பிள்ளை சத்தமில்லாமல் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும். பிள்ளையின் மனநிலையை அறிந்த ஒருவரைக் கொண்டு குடும்ப அறிக்கை எழுதுவிக்கலாம். பிள்ளையின் நலனுக்கென்றே சுயாதீனமான ஒரு சட்டத்தரணியையும் நியமிக்கலாம். 2024 முதல், அச்சட்டத்தரணி ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளையைப் பொதுவாக நேரிற் சந்தித்து, அது சொல்ல விரும்புவதைக் கேட்கவேண்டும்.

இதைக் கேட்டதும் எம்மவர் சிலர் கொதிக்கிறார்கள். "பெற்ற பிள்ளையை வளர்க்க எனக்கு வகுப்பா? என்ன அவமானம்!" என்கிறார்கள். மெய்யடியார்களே, கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கிறோமே, அது அவமானமா? வாயைக் கட்டுகிறோம், நினைத்ததை நினைத்த நேரத்தில் உண்ணாமல் இருக்கிறோம். அடக்கம் தானாக வருவதில்லை, பழகவேண்டும் என்பதற்காகவே முன்னோர் விரதம் வைத்தார்கள். அந்த வகுப்புகளில் சொல்லித் தருவதும் ஒருவகை விரதமே. பிள்ளையைத் தூது அனுப்பாதே. மற்ற வீட்டிலிருந்து வந்த பிள்ளையைத் துருவித் துருவி விசாரிக்காதே. பிள்ளையின் காதுபட மற்றவரை இகழாதே. சொன்ன நேரத்துக்குப் போய் நில். எழுத வேண்டியதைச் சுருக்கமாக, மரியாதையாக, பிள்ளையைப் பற்றி மட்டும் எழுது. இவற்றில் எது எமது சமயத்துக்கு விரோதமானது?

"முகத்தைப் பார்த்தாலே சண்டை வருகிறதே" என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. தேரின் இரண்டு சக்கரங்களையும் கவனித்திருப்பீர்கள். அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. தொட்டால் தேர் ஓடாது. நடுவே அச்சு தாங்க, தத்தம் பாதையில் உருளுகின்றன. மேலே சுவாமி அசையாமல் எழுந்தருளியிருக்கிறார். சண்டை ஓயாத பெற்றாருக்கு இம்முறையையே வகுப்பில் சொல்கிறார்கள். நேரிற் பேச வேண்டாம். ஒரு குறிப்புப் புத்தகத்திலோ கைத்தொலைபேசிச் செயலியிலோ மருந்து, பள்ளிக்கூடம், நேரம் ஆகியவற்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். நீதிமன்றக் கட்டளை அச்சாக இருக்கட்டும். அன்பு இல்லாவிட்டாலும் ஒழுங்கு இருந்தால் தேர் வீதி சுற்றி இருப்புக்கு வந்து சேரும்.

நாவடக்கத்துக்குக் காரைக்கால் அம்மையாரின் வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. கணவன் பரமதத்தன் அவரைவிட்டுப் போய், பாண்டிநாட்டில் வேறொரு பெண்ணை மணந்தான். சொல்லாமற் போனது அவனுடைய குறையே. ஆனால் அவன் போன இடத்தில் அம்மையாரைப் பழித்துத் திரியவில்லை. தனக்குப் பிறந்த மகளுக்கு அவருடைய பெயராகிய புனிதவதி என்பதையே இட்டான். அம்மையாரைச் சுற்றத்தார் அழைத்து வந்தபோது மனைவியோடும் மகளோடும் அவர் அடியில் வீழ்ந்தான். பிரிந்தவரின் பெயரை மரியாதையோடு சொல்லும் வீட்டில் அந்தச் சிறுமி வளர்ந்தாள். எமது வீடுகளில் பிரிந்தவரின் பெயர் எப்படிச் சொல்லப்படுகிறது?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அடியும் உதையும் மிரட்டலும் உள்ள வீட்டை நாம் சாதாரண பிணக்கோடு சேர்த்துப் பேசவில்லை. அடிபட்டு வந்து நிற்பவரிடம் "பிள்ளைக்காகப் பொறுத்துக்கொள்" என்று சொல்வது தர்மம் அன்று. 2024 மே 6 முதல் நடைமுறையில் உள்ள திருத்தச் சட்டமும், பிள்ளையின் நலனைத் தீர்மானிக்கும் விடயங்களில் முதலாவதாகப் பிள்ளையினதும் அதைப் பராமரிப்பவரினதும் பாதுகாப்பையே வைக்கிறது. பெற்றார் பொறுப்பைச் சரிசமமாகப் பகிர்வதே நன்று என முன்னர் இருந்த அனுமானமும் அத்திருத்தத்தால் நீக்கப்பட்டது. "சரிபாதி எனது உரிமை" என்று வாதாடுவோர் இதை மனதிற் கொள்ளவேண்டும். சட்டம் பார்ப்பது எமது பங்கை அன்று, பிள்ளையின் நலனை.

மற்றவர்களுக்குச் சொல்லும் நாம் எமது பிழையையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தரப்பார் வந்து கேட்டபோது, மற்றவரைப் பற்றி நாம் நேரில் அறியாததை அறிந்ததுபோல ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். உதவி செய்கிறோம் என்றே நினைத்தோம். கடிதத்தில் குறிப்பிடப்பட்டவர் அதன்பின் ஆலயத்துக்கு வரவில்லை. அவரோடு இருக்கும் வாரங்களில் பிள்ளையும் தேவார வகுப்புக்கு வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஆலயத்தின் ஒரு கதவை எமது கையாலேயே சாத்தினோம். இதற்காக முருகன் சந்நிதியில் வெட்கப்படுகிறோம்.

ஆகவே சபையினராகிய நாம் மூன்று விடயங்களைத் தீர்மானித்திருக்கிறோம். முதலாவது, குடும்ப வழக்குகளுக்கு நாம் கண்ணாற் கண்டதைத் தவிர வேறெதுவும் எழுதிக் கொடுக்கமாட்டோம். இரண்டாவது, நீதிமன்றக் கட்டளை வேறுவிதமாகச் சொன்னாலன்றி, தேவார வகுப்பு, கலைவிழா அறிவித்தல்கள் பிரிந்த பெற்றார் இருவருக்கும் தனித்தனியே அனுப்பப்படும். மூன்றாவது, அர்ச்சனைக்கு வரும் பிள்ளை யாருடைய பெயரைச் சொன்னாலும் சொல்லட்டும். எவரும் தடுக்க வேண்டாம். அன்னதான மண்டபத்தில் வழக்குப் பேசுபவர்களுக்கும் இதையே பணிவாகச் சொல்கிறோம். நீங்கள் பேசுவது பக்கத்தில் இருந்து உண்ணும் பிள்ளைக்குக் கேட்கிறது.

உதவி தேவைப்படுவோர் குடும்ப உறவு ஆலோசனைத் தொலைபேசி 1800 050 321ஐ அழைக்கலாம். வீட்டில் வன்முறை இருந்தால் 1800 737 732, உடனடி ஆபத்து என்றால் 000. ஆங்கிலம் வசதியில்லாதவர்கள் 131 450ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். வகுப்புக்குப் போகத் துணையில்லாதவர்களுக்கு வாகன உதவி செய்யவும் சபையில் ஆட்கள் இருக்கிறார்கள். எவருக்கும் தெரியவராது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒன்று நடந்தது. சூரசம்ஹாரத்தன்று அந்தப் பிள்ளை மறுபடியும் தட்டுடன் வந்து நின்றது. இம்முறை அப்பாவுடன். குருக்கள் பெயர் கேட்டார். பிள்ளை தன் பெயரையும் அப்பாவின் பெயரையும் சொல்லிவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தது. அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பின்னர் தாமே தாயின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். வகுப்பில் கற்றாரோ, சந்நிதியில் கற்றாரோ, நாம் கேட்கவில்லை. பிள்ளை தட்டை இரண்டு கைகளாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றது.

நடுவில் நிற்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருபுறத்து அருளும் கிடைக்க, உமையோடும் கந்தனோடும் கூடிய எம்பெருமான் திருவடிகளை வணங்குவோமாக.

திருச்சிற்றம்பலம்

இங்ஙனம்,
ஆலய பரிபாலன சபையினர்